ரோஹிங்கியாக்களுக்காக காம்பியா போட்ட வழக்கு

2019 நவம்பர் 11 அன்று தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் காம்பியா ஒரு மனு தாக்கல் செய்தது. எதிர்மனுதாரர் மியான்மர். மியான்மரின் ரகைன் மாநிலத்து முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்கள்மீது இனப்படுகொலை நடத்தி, 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை மியான்மர் மீறிவிட்டது என்பது குற்றச்சாட்டு. காம்பியா மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரைகளை ஒட்டி நீளும் நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 25 லட்சம். ரோஹிங்கியா அகதி எவரும் எல்லை தாண்டி அங்கே போகவில்லை. மியான்மருடன் சொல்லும்படியான வணிகமும் கிடையாது. அப்படியிருக்க இவர்களுக்கு இதில் என்ன வேலை என்று அன்று பலர் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

பதில் அந்த உடன்படிக்கையின் 9-ஆம் உறுப்பில் இருக்கிறது. உடன்படிக்கையின் பொருள், நடைமுறை, மீறல் ஆகியவை குறித்து உறுப்பு நாடுகளுக்குள் தகராறு எழுந்தால், அவற்றில் எந்த நாடும் அதைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்கிறது அது. ஆனால் உடன்படிக்கையில் சேரும்போதே "9-ஆம் உறுப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று விலக்கு எழுதிவைத்த நாடுகள் நிறைய. இந்தியா அப்படி எழுதியிருக்கிறது. மலேசியாவும், ஒவ்வொரு வழக்குக்கும் தன் தனிச் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பத்து லட்சம் அகதிகளைத் தாங்கிநிற்கும் வங்கதேசம் 1998-இல் சேர்ந்தபோது இதே விலக்கோடுதான் சேர்ந்தது. விலக்கு எழுதிய நாடு தானே வழக்குப் போட வந்தால், எதிராளி அதே விலக்கை எடுத்துக்காட்டித் தப்பிக்கலாம். மியான்மரை ஒட்டிய தாய்லாந்து உடன்படிக்கையிலேயே இல்லை. ஆக, அகதிகள் போய்ச் சேர்ந்த இந்த நாடுகளில் எதுவும் வழக்குப் போடும் நிலையில் இல்லை.

மியான்மரோ 1956-இல் உடன்படிக்கையை ஏற்றபோது 6, 8 ஆகிய உறுப்புகளுக்கு மட்டும் விலக்கு எழுதியது, 9-ஐ விட்டுவிட்டது. காம்பியா 1978-இல் எந்த விலக்கும் இல்லாமல் சேர்ந்தது. வழக்கு நுழைந்தது இந்த இடைவெளி வழியாகத்தான்.

சட்டத்தில் வழி இருப்பதும் அதில் நடக்க ஆள் கிடைப்பதும் வேறு வேறு. காம்பியாவில் யாஹ்யா ஜாமே 22 ஆண்டு ஆட்சிக்குப் பிறகு 2016 தேர்தலில் தோற்று, 2017 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேறினார். அடாமா பாரோவின் புதிய அரசில் நீதி அமைச்சரானவர் அபுபக்கர் தம்பாடு. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2018 மே மாதம் டாக்காவில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் நடந்தபோது காம்பியப் பிரதிநிதியாகப் போன அவர், வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் அகதிகளின் வாக்குமூலங்களை நேரில் கேட்டார். ருவாண்டா வழக்குகளில் படித்த அதே வரிசை அங்கே இருந்தது: முதலில் வெறுப்புப் பேச்சு, பிறகு அடையாள அட்டை பறிப்பு, பிறகு ஊரைச் சுற்றிவளைப்பது, ஆண்களைத் தனியே பிரிப்பது, பெண்கள்மீது கூட்டுப் பாலியல் வன்முறை. இந்த வரிசையைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் ஒரு நாட்டின் அமைச்சர் பதவியில் இருந்தது அரிய தற்செயல். அந்த அமைப்பு ரோஹிங்கியா விவகாரத்தில் பொறுப்புக்கூறலுக்கென அமைத்த அமைச்சர் குழுவுக்குக் காம்பியாவே தலைமை ஏற்றது. 2019 மே இறுதியில் மெக்கா உச்சிமாநாடு வழக்கு யோசனைக்குப் பச்சைக்கொடி காட்டியது.

அடுத்து காம்பியா செய்த வேலையைப் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். எனக்கு வழக்கின் மிக முக்கியமான கட்டமாகத் தோன்றுவது அதுதான்.

சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட, மனு தாக்கலாகும் நாளிலேயே இரு நாடுகளுக்கும் இடையில் "தகராறு" நிலுவையில் இருக்கவேண்டும். மனு போட்டபிறகு தகராறு எழுந்தது என்றால் செல்லாது. மார்ஷல் தீவுகள் இதில்தான் விழுந்தது. அணு ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தையை நடத்தவில்லை என்று இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மூன்றின்மீதும் அது போட்ட வழக்குகளை 2016 அக்டோபர் 5 அன்று நீதிமன்றம் வாசலிலேயே திருப்பி அனுப்பியது. எதிர்நாட்டுக்கு "உன்மேல் எனக்கு இந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது" என்று முன்கூட்டியே தெரியும்படி மார்ஷல் தீவுகள் சொல்லவில்லை என்பதே காரணம். பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டு என்று பிரிந்து, தலைவரின் கூடுதல் வாக்கால் முடிவானது. உள்ளே இருந்த வாதம் எவ்வளவு வலுவானது என்ற பேச்சே எழவில்லை.

காம்பியா இந்தக் குழியில் விழவில்லை. 2019 செப்டம்பர் 26 அன்று அதன் துணை அதிபர் இசாட்டு தூரே ஐ.நா. பொதுச்சபையில் பேசும்போது, ரோஹிங்கியா விவகாரத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் முயற்சிக்குத் தலைமையேற்கத் தன் நாடு தயார் என்று வெளிப்படையாக அறிவித்தார். இரண்டு நாள் கழித்து மியான்மர் அமைச்சர் அதே மேடையில் ஐ.நா. உண்மை கண்டறியும் குழுவின் முடிவுகளை மறுத்துப் பேசினார். அக்டோபர் 11 அன்று நியூயார்க்கிலுள்ள காம்பியத் தூதுக்குழு மியான்மர் தூதுக்குழுவுக்கு ஒரு தூதரகக் குறிப்பு அனுப்பியது. நீங்கள் உடன்படிக்கையை மீறுகிறீர்கள், இதை எங்கள் அரசு இப்படிப் பார்க்கிறது என்ற கடிதம். மியான்மர் பதில் எழுதவில்லை. சரியாக ஒரு மாதம் பொறுத்துக் காம்பியா மனுவைத் தாக்கல் செய்தது. குற்றச்சாட்டின் கனத்தை வைத்துப் பார்த்தால் ஒரு மாத மௌனமே மறுப்புக்குச் சமம் என்று 2022-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு உரை, ஒரு மறுஉரை, ஒரு கடிதம், ஒரு மாத மௌனம். இவ்வளவுதான். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் மியான்மர் தரப்பு வழக்கறிஞர்களுக்கு அது நல்ல பிடியாகியிருக்கும்.

சான்றுகளைக் காம்பியா தானே போய்த் திரட்டவில்லை, அதற்கு அந்த வசதியும் இல்லை. 2017-இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை அமைத்த உண்மை கண்டறியும் குழுவின் அறிக்கைகள்தான் மனுவுக்கு அடித்தளம். இந்தோனேசியாவின் மர்சூகி தாருஸ்மான் தலைமையில், ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் சிடோட்டியும் இலங்கைத் தமிழ்ச் சட்ட அறிஞர் ராதிகா குமாரசுவாமியும் அதில் இருந்தார்கள். 2017 ஆகஸ்ட் 25 அன்று மியான்மர் ராணுவத்தின் நடவடிக்கை தொடங்கியபின் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடியது, குறைந்தபட்சம் 392 கிராமங்கள் முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்டது, பத்தாயிரம் சாவு என்பதே தாழ்வான மதிப்பீடு என்பது எல்லாம் அந்த அறிக்கையில் உண்டு. குழு கலையும்போது அதன் ஆவணங்கள் ஜெனீவாவிலுள்ள மியான்மருக்கான சுயாதீனப் புலனாய்வுப் பொறிமுறையின் கைக்குப் போயின. நீதிமன்றத்தில் நிற்கும் தரத்தில் சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாப்பதுதான் அதன் வேலை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லவேண்டும். முகாம்களில் ஒரே பெண்ணிடம் பத்திரிகையாளர், தொண்டு நிறுவனம், ஆய்வாளர், விசாரணையாளர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து அதே கொடுமையைச் சொல்லச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பாளர் மாறுகிறார். தேதி ஒரு நாள் பிசகும், வந்த சிப்பாய்களின் எண்ணிக்கை மாறும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது இந்த முரண்களைத்தான். நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட ஐந்தாவது பேட்டி சாட்சியின் மனத்தையும் காயப்படுத்துகிறது, வழக்கையும் பலவீனப்படுத்துகிறது. அகதிகளுக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் கற்கவேண்டியது, எப்போது கேட்காமல் இருப்பது என்பதை.

ஃபேஸ்புக்கிலும் காம்பியா கைவைத்துப் பார்த்தது. மியான்மர் அதிகாரிகளின் நீக்கப்பட்ட கணக்குகளில் இருந்த பதிவுகளைக் கேட்டு அமெரிக்க நீதிமன்றத்தில் 2020-இல் மனு போட்டது. வெளிநாட்டு, சர்வதேச நீதிமன்ற வழக்குகளுக்காக அமெரிக்காவில் உள்ள ஆவணங்களைப் பெற அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. 2021 செப்டம்பரில் ஒரு நீதிபதி கொடுக்கச் சொன்னார். டிசம்பரில் அதே நீதிமன்றத்தின் மேல்நிலை நீதிபதி, மின்னணுத் தகவல் தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி அதன் பெரும்பகுதியை ரத்துசெய்தார். இனவெறியைத் தூண்டிய பதிவுகள் நிறுவனத்தின் சேமிப்பில் கிடக்க, அவற்றை எட்ட ஒரு நாட்டாலேயே முடியவில்லை.

2019 டிசம்பர் 10 முதல் 12 வரை நடந்த முதல் விசாரணை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மியான்மர் சார்பில் அன்றைய அரசின் தலைவர் ஆங் சான் சூச்சியே வந்து வாதாடினார். ராணுவம் அளவுமீறி நடந்திருக்கலாம், ஆனால் அது ஆயுதக் குழுவின் தாக்குதலுக்கான எதிர்நடவடிக்கை, இனப்படுகொலை நோக்கம் இல்லை, தவறு செய்தவர்களை நாங்களே விசாரிப்போம் என்பது அவர் தரப்பு. 2020 ஜனவரி 23 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. காம்பியா நியமித்த தென்னாப்பிரிக்கத் தமிழ் வம்சாவளி நீதிபதி நவி பிள்ளை, மியான்மர் நியமித்த ஜெர்மானிய நீதிபதி கிளாஸ் கிரெஸ் உட்பட அத்தனை பேரும் ஒருமனதாக நின்றார்கள். ரோஹிங்கியாக்கள்மீது உடன்படிக்கை தடைசெய்யும் செயல்கள் நடக்காமல் தடுக்கவேண்டும், ராணுவமும் துணைப்படைகளும் அவற்றைச் செய்யாதபடி உறுதிசெய்யவேண்டும், சான்றுகளை அழிக்கக்கூடாது, நான்கு மாதத்தில் ஒரு அறிக்கையும், அதன்பின் இறுதித் தீர்ப்புவரை ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கையும் தரவேண்டும். ஐ.நா. விசாரணையாளர்களை உள்ளே விடவேண்டும் என்று காம்பியா கேட்டதை மட்டும் நீதிமன்றம் தரவில்லை. என் பார்வையில் அந்த உத்தரவின் பெரிய ஓட்டை அதுதான். சான்றை அழிக்காதே என்று சொல்லிவிட்டு, அழிக்கிறார்களா என்று போய்ப் பார்க்க யாரையும் அனுப்பவில்லை.

இன்னொரு குறை, அந்த ஆறு மாத அறிக்கைகள் வெளியிடப்படுவதில்லை. காம்பியாவுக்குப் பிரதி போகிறது, கருத்துச் சொல்லவும் முடிகிறது. ஆனால் யாருடைய உயிர் பற்றியதோ அந்த ரோஹிங்கியாக்களால் அதைப் படிக்க முடியாது. மியான்மருக்குள் இன்னும் சுமார் ஆறு லட்சம் ரோஹிங்கியாக்கள் இருப்பதாக அந்த உத்தரவே குறிப்பிடுகிறது. "எங்கள் ஊரில் அரசு இதையெல்லாம் செய்துவிட்டதாம், உண்மையா?" என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்க்க இந்த முறையில் இடமே இல்லை.

உத்தரவு சட்டப்படி கட்டாயமானது. மீறினால் என்ன செய்வது என்ற இடத்தில்தான் இடிக்கிறது. ஐ.நா. சாசனத்தின் 94-ஆம் உறுப்பு, தீர்ப்பை ஒரு நாடு நிறைவேற்றாவிட்டால் பாதுகாப்புச் சபையிடம் போகலாம் என்கிறது. அங்கே சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் தடை வாக்கு உண்டு. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அதே தளபதிகள்தான் அறிக்கை எழுதும் இடத்தில் உட்கார்ந்தார்கள். 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைச் செயல்படுத்தத் தொடங்கி, குடியுரிமையே தராத ரோஹிங்கியா இளைஞர்களைப் பிடித்துப் போய்ப் போர்முனையில் நிறுத்தினார்கள். மறுபுறம் அராக்கன் ஆர்மி என்ற ஆயுதக் குழு ரகைன் மாநிலத்தின் பெரும்பகுதியைக் கைப்பற்றியது. 2024 டிசம்பரில் மவுங்டோ நகரமும் அதன் வசமானது. ரோஹிங்கியாக்கள்மீதான கொடுமைகளுக்காக அந்தப் படைமீதும் குற்றச்சாட்டுகள் உள்ளன. ஆனால் சர்வதேச நீதிமன்றத்தில் அரசுகள் மட்டுமே வழக்காட முடியும். ஆயுதக் குழுவை அங்கே நிறுத்த வழியில்லை.

இத்தனைக்கும் பிறகு வழக்கின் நிலையான சாதனை எது என்றால் 2022 ஜூலை 22 தீர்ப்பைத்தான் சொல்வேன். மியான்மர் நான்கு பூர்வாங்க ஆட்சேபணைகளை வைத்தது. உண்மையான வாதி இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்புதான், காம்பியா முகமூடி, காம்பியாவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லாததால் வழக்குப் போடத் தகுதியில்லை, தான் எழுதிய 8-ஆம் உறுப்பு விலக்கு வழக்கைத் தடுக்கிறது, தகராறே இருக்கவில்லை. நான்கும் நிராகரிக்கப்பட்டன. தகுதி பற்றியதில் மட்டும் சீன நீதிபதி ஷுவே ஹான்சின் மாறுபட்டார், மற்ற பதினைந்து பேரும் ஒரு பக்கம். பணமும் அரசியல் ஆதரவும் எங்கிருந்து வந்தாலும் வழக்காளி வழக்காளிதான் என்று நீதிமன்றம் சொன்னது. இனப்படுகொலையைத் தடுக்கும் கடமை உடன்படிக்கையில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் மற்ற எல்லா நாடுகளுக்கும் இடையிலானது. ஆகவே பாதிக்கப்படாத நாடும் கேட்கலாம். சித்திரவதை உடன்படிக்கை தொடர்பாக 2012-இல் பெல்ஜியம், செனகல்மீது போட்ட வழக்கில் விதைத்த கருத்து இது. காம்பியா வழக்கில் இனப்படுகொலைக்கும் உறுதியானது. 2023 டிசம்பரில் இஸ்ரேலுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா போட்ட வழக்கு இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனது.

ஈழத்தமிழர் விவகாரத்தைப் பின்தொடரும் வாசகர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். இலங்கை 1950-இலேயே இனப்படுகொலை உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, 9-ஆம் உறுப்புக்கு விலக்கு எழுதவும் இல்லை. இலங்கைமீது இந்தியா வழக்குப் போடவேண்டும் என்று ஆண்டாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் 9-ஆம் உறுப்பில் இந்தியாவின் விலக்கு அப்படியே இருக்கிறது. தமிழ் அமைப்புகள் தேடவேண்டியது விலக்கு இல்லாத, இலங்கையோடு பெரிய வணிகமோ ராணுவ உறவோ இல்லாத ஒரு நாட்டை. அந்த நாடு செய்யவேண்டிய முதல் காரியமும் தூதரகக் குறிப்புதான், தீர்மானமோ கண்டன அறிக்கையோ போதாது. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களோடு ஒரு படகு வந்து சேர்ந்த கரை முள்ளிவாய்க்கால் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். அன்று மீனவர்களும் ஊர்மக்களும் உணவும் நீரும் கொண்டு ஓடினார்கள்.

வழக்கின் கடினமான பகுதி நோக்கத்தை நிரூபிப்பது. கொலை, எரிப்பு, வன்புணர்வு நடந்தன என்று காட்டினால் போதாது. அந்தக் குழுவைக் குழுவாகவே அழிக்கும் எண்ணத்தோடு நடந்தன என்று காட்டவேண்டும். எழுத்தில் உத்தரவு கிடைக்காதபோது நடத்தையிலிருந்து ஊகிக்கவேண்டும். அந்த நடத்தையிலிருந்து நியாயமாக எட்டக்கூடிய ஒரே முடிவு இனப்படுகொலை நோக்கம் என்று இருந்தால்தான் ஏற்போம் என்று 2015-இல் குரோஷியா–செர்பியா வழக்கில் நீதிமன்றம் சொன்னது. 2007-இல் போஸ்னியா வழக்கில் ஸ்ரெப்ரெனிட்சா நகரப் படுகொலையை மட்டுமே இனப்படுகொலை என்று ஏற்றது. இந்த அளவுகோலை அப்படியே இறுக்கிப் பிடித்தால், "பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை" என்ற வேறொரு விளக்கத்தைக் காட்டி எந்த அரசும் தப்பிக்கலாம். கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், நெதர்லாந்து, டென்மார்க் கூட்டாகவும் மாலத்தீவு தனியாகவும் 2023 நவம்பரில் காம்பியா வழக்கில் இடையீடு செய்தன. பின்னர் ஸ்லோவீனியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, பெல்ஜியம், அயர்லாந்து சேர்ந்து எண்ணிக்கை பதினொன்றானது. குழந்தைகள்மீதான வன்முறை, பாலியல் வன்முறை, கட்டாய இடப்பெயர்வு எல்லாவற்றையும் சேர்த்து முழுமையாகப் பார்த்து நோக்கத்தை அளக்கவேண்டும் என்பது அந்த ஆறு நாட்டுக் கூட்டு இடையீட்டின் சாரம். 2026 ஜனவரி 12 முதல் மூல வழக்கின் விசாரணை நடந்தது. சாட்சிகள் மூடிய அறையில் விசாரிக்கப்பட்டார்கள்.

இந்த வழக்கை மற்ற இரண்டோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனிநபர்களை விசாரிப்பது. மியான்மர் அதில் உறுப்பினர் இல்லை. ஆனால் நாடுகடத்தல் என்ற குற்றம் வங்கதேச மண்ணில்தான் முடிகிறது, வங்கதேசம் உறுப்பினர் என்ற வாதத்தில் 2018-இல் அங்கே கதவு திறந்தது. 2024 நவம்பரில் அதன் வழக்குத்தொடுநர் மியான்மரின் அப்போதைய ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கைக் கைதுசெய்ய ஆணை கேட்டார். அர்ஜென்டினாவில் எங்கு நடந்த கொடுங்குற்றத்தையும் விசாரிக்கும் சட்டத்தின்கீழ் 2025 பிப்ரவரியில் ஒரு நீதிமன்றம் அவர் உட்பட 25 பேருக்குக் கைதாணை பிறப்பித்தது. காம்பியா வழக்கில் யாரும் சிறைக்குப் போகமாட்டார்கள். அரசின் பொறுப்பு மட்டுமே அங்கே தீர்மானமாகும்.

அதேபோல இந்த வழக்கு ஓர் அகதிக்குக்கூடப் புகலிடம் தராது. 2023-இல் நிதி வற்றி, முகாம்களில் ஒருவருக்கான மாத உணவு உதவி 12 டாலரிலிருந்து 10, பிறகு 8 என்று குறைந்தபோது தி ஹேக் உத்தரவு அதில் ஒரு சென்ட் கூட்டவில்லை. சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்பு மையத்தில் காலம் தள்ளும் ரோஹிங்கியாக் குடும்பங்களுக்கும் அது இந்தியாவில் எந்த உரிமையும் தரவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவே இல்லை.

காம்பியா தன் மனுவில் இறுதியாகக் கேட்பவற்றில் இழப்பீடும் உண்டு: துரத்தப்பட்டவர்கள் பாதுகாப்பாக, கண்ணியத்தோடு திரும்பவேண்டும், முழுக் குடியுரிமை தரப்படவேண்டும். தீர்ப்பு சாதகமாக வந்தாலும் இழப்பீட்டுக் கட்டம் தனியே இழுக்கும். காங்கோ–உகாண்டா வழக்கில் பொறுப்பு 2005-இல் தீர்மானமானது, 32.5 கோடி டாலர் தொகை 2022-இல்தான் நிர்ணயமானது. பதினேழு ஆண்டுகள். இங்கே கூடுதல் சிக்கல், வழக்காளி பாதிக்கப்பட்ட நாடு இல்லை. இழப்பீடு காம்பியாவின் கஜானாவுக்குப் போவதில் அர்த்தமில்லை. அதை மக்களிடம் சேர்க்கும் ஏற்பாடு தேவைப்படும், ரோஹிங்கியாக்களே அதில் உட்காரவேண்டும்.

அதற்குள் நிலம் என்னாகும் என்பதுதான் என் கவலை. எரிந்த நிலம் அரசின் மேலாண்மைக்கு வந்துவிடும் என்று 2017 செப்டம்பரிலேயே ஒரு மியான்மர் அமைச்சர் அறிவித்தார். அதன்பின் எரிந்த கிராமங்களில் பல புல்டோசரால் சமப்படுத்தப்பட்டு, சிலவற்றின்மேல் பாதுகாப்புப் படைகளின் முகாம்கள் எழுந்தன. 2015-இல் ரோஹிங்கியாக்களின் தற்காலிக அடையாள அட்டையான வெள்ளை அட்டை செல்லாது என்று பறிக்கப்பட்டது. ஆகவே தகரப் பெட்டியிலோ பிளாஸ்டிக் உறையிலோ எடுத்துவந்த குடும்பப் பட்டியல், நில வரி ரசீது, பழைய தேசியப் பதிவு அட்டை, பள்ளிச் சான்று இவையெல்லாம்தான் நாளைக்கு அந்த நிலத்தில் இவர்கள் வாழ்ந்ததற்குச் சாட்சி. மூங்கில் குடிசைகளில் அடிக்கடி தீப்பிடிக்கும் முகாம் அது. 2021 மார்ச்சில் ஒரே தீயில் ஆயிரக்கணக்கான குடிசைகள் போயின. இந்தக் காகிதங்களை அசலை வாங்கிக்கொள்ளாமல் இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, உரியவரின் சம்மதத்தோடு, முகாமுக்கு வெளியே இரண்டு இடங்களிலாவது பாதுகாத்துவைக்கும் வேலைக்கு எந்தத் தீர்ப்பும் வரக் காத்திருக்கவேண்டியதில்லை.